நரம்புக்குத் தீனி

படித்த பிள்ளை சொல்லும் பொய் இலேசில் பொய்யாகத் தெரியாது. பிரேமினி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியல் படித்தவள். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில், நரம்புக்கலங்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோயில் கையும் பேச்சும் விழுந்து படுத்திருந்த அம்மா அன்னம்மாவிடம் அவள் சொன்னதும் அப்படித்தான்.

“தசைய ஆட்டுற நரம்புக்கலம் இருக்குல்லம்மா, அதுக்குள்ள நொதியங்கிற வேலைக்காரங்க பொலிஅமைன்னு ஒண்ணச் செய்யுறாங்க. கலத்துக்கு அது தீனி மாதிரி. சோயாவில நெறய இருக்கு. சாப்பிட்டா நரம்பு திரும்ப வந்துரும்.”

கடைசி வரி அவளே சேர்த்தது. அதே பொலிஅமைனை வேறு நொதியங்கள் உடைக்கும்போது கலத்துக்கே நஞ்சு பிறக்கும் என்பதை அவள் சொல்லவில்லை. செத்த நரம்புக்கலம் திரும்பாது என்பதையும் சொல்லவில்லை. அம்மா நம்பினாள். புரையேறிக் கண் பிதுங்கினாலும் சோயாக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் பிடிவாதத்தோடு விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். காலமெல்லாம் அம்மாவுக்கு அடுத்த நெரையில் நின்று தேயிலைக் கொழுந்து பறித்தவள்.

“ஒரு வருசமாவே ஒங்கம்மாவுக்கு வெரல் புடிக்கல புள்ள. எடை கொறஞ்சா அரைப்பேருன்னு பாதிச் சம்பளந்தான் போடுவாங்கன்னு, நிறுக்குறதுக்கு முந்தி எங் கொழுந்த அள்ளி அவ கூடையில போட்டுருவேன். யாருக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டோம்.” வேலாயி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “அப்பவே நான் சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா?”

தோட்டத்தில் கூட்டாளிக்குக் கொழுந்து போடுவது புதிதல்ல. அந்த நல்ல மனசுதான் நோயை மூடி வைத்திருக்கிறது. பிரேமினிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ‘ஆமா, இதுக்குள்ள குணமாகியிருக்கும்’ என்று சொல்லிவிடலாம். அம்மாவின் நம்பிக்கை பிழைக்கும், வேலாயி சாகும்வரை குமைவாள். உண்மையைச் சொன்னால் வேலாயி தப்பிப்பாள். ஆனால் அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வேலாயி தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். பிரேமினியால் தாங்க முடியவில்லை.

“இல்ல அத்தை. எப்ப சொல்லியிருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது. இதக் குணமாக்குற மருந்தே இல்ல.”

வேலாயி முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பாரம் இறங்கிய அழுகை அது. பிரேமினி அடுத்த கரண்டியை நீட்டினாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வாய்ம்மா.”

தாடைக்கு இன்னும் பலம் இருந்தது. அம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள்.