உர ஸ்டோரில் இருந்த தம்பி

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஸ்ரான்லிக்குக் கட்டில் கிடைத்ததே பெரிய காரியம். அடிவயிற்றில் குடல் இறங்கிப் புடைத்து நின்ற இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டே இரண்டு வருடம் நடந்துவிட்டார். ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுப்பார்கள். திகதி நெருங்கும்போது தோட்டத்து ஒபீஸிலிருந்து போன் வரும். இவர் எழும்பிப் போய்விடுவார். அப்படியே மூன்று திகதிகள் போய்ச்சேர்ந்தன. இந்தத் தடவை டொக்டர் கோபப்படக்கூட இல்லை. குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து, இனியும் ஓடினால் என்னிடம் வராதே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் ஒப்பரேஷன். கட்டிலில் மல்லாந்து படுத்தபோது, இப்படிப் படுத்து எவ்வளவு நாளாயிற்று என்று ஸ்ரான்லிக்கு ஆச்சரியமாக இருந்தது. மனைவி ஜொய்சி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி பிறந்தால் சப்ரகமுவவில் பின்னேரம்தோறும் இந்த இடி முழக்கம்தான்.

ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்ப்பது ஸ்ரான்லியின் வேலை. நாலு தோட்டத்துக் கொழுந்து நிறையும் சம்பளக் கணக்கும் அங்கேதான் வந்து சேரும். முன்பு ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. மாதக் கடைசியில் ஒருமுறை அது செத்துப்போய், நாலு தோட்டத்துச் சனமும் சம்பளத்துக்கு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு கம்பெனி இரண்டாவது ஒன்றை வாங்கிக் கொடுத்தது. கூட இன்னோர் ஆளும் வேண்டும் என்று ஸ்ரான்லி கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒபீஸ் வைத்த பெயர் அண்ணன், தம்பி. இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு கம்பி ஓடியது. அந்தக் கம்பி வழியே தம்பி ஓயாமல் ‘இருக்கியா?’ என்று கேட்பான். அண்ணன் ‘இருக்கேன்’ என்பான். பதில் வருகிற வரைக்கும் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பதில் நின்றதோ, அடுத்த நிமிஷமே வேலை முழுவதையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்வான். கொழுந்து நிறையைத் தட்டிக்கொண்டிருக்கிற கிளார்க் கலைச்செல்விக்கு அண்ணன் விழுந்ததே தெரியாது. ஸ்ரான்லி இதை எல்லாம் கட்டி எழுப்ப மாதக்கணக்கில் அலைந்தார். ஒரே இடியில் இரண்டும் போய்விடக் கூடாது என்று அண்ணனை ஒபீஸிலும் தம்பியைத் தள்ளி உர ஸ்டோரிலும் வைத்தார். தம்பிக்கு பெக்டரியிலிருந்து தனி கரண்ட். தொடாதீங்க என்று எல்லோருக்கும் சொன்னார். ஏன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

அவ்வளவு செய்தும் ஆளை விட்டார்களா? அண்ணன் விழுந்து தம்பி தாங்கிக்கொண்டிருந்தாலும் போன் வரும். பிரிண்டர் இருமினாலும் வரும். மூன்றாவது திகதியை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு பிளக் கழன்று கிடந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் இடிக்குப் பயந்து சிலுவை போட்டுக்கொண்ட நேரத்தில் போன் அடித்தது. கலைச்செல்வி.

“ஸ்ரான்லி அண்ணே, கோவிச்சுக்காதீங்க.”

“அண்ணன் போயிட்டானா?”

“அண்ணனும் போயிட்டான்.”

“தம்பி?”

“தம்பியுந்தான்.”

“தம்பி உர ஸ்டோர்ல இருக்கானேம்மா, எப்பிடி?”

“பூசைக்குத் தூக்கிட்டு வந்தோம்ணே” என்று இழுத்தாள்.

அன்றைக்கு ஆயுத பூசை. கவ்வாத்துக் கத்தி, தராசு, பழைய டைப்ரைட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அண்ணனுக்கு மாலையும் விழுந்தது. ஒபீஸில் தேத்தண்ணி ஊற்றுகிற அழகம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “மூத்தவனுக்கு மட்டும் பூவச் சாத்திப்புட்டு, எளையவன உரமூட்டைக்குள்ள நாத்தத்துல போட்டு வக்கிறது எந்த ஊரு ஞாயம்?” என்று கேட்டாள். கலைச்செல்வி தம்பியை முறைப்படி நிறுத்தி, குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்து, அதே பிளக் பலகையில் செருகினாள். சூடம் காட்டும்போது இரண்டும் பச்சை விளக்கைச் சிமிட்டின. எல்லோருக்கும் சந்தோஷம். சுண்டல் தின்று முடிப்பதற்குள் இடி விழுந்தது.

ஸ்ரான்லிக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தினால் அடிவயிறு வலிக்கும் என்பதால் கத்தவில்லை. மெல்ல மெல்ல அந்த ஆத்திரமும் சலித்துப்போயிற்று. தம்பி தனியாகக் கிடக்கிறானே என்று இரக்கப்பட்டவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

அடுத்த போன் தோட்டத்து மனேஜர் தொரையிடமிருந்து வந்தது. “ஸ்ரான்லி, ஒயா நெத்துவ பே” என்றார் சிங்களத்தில். நீ இல்லாமல் முடியாது. இத்தனை வருடமும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஸ்ரான்லி ஓடினார். முதலில் கேட்டபோது நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது கழுத்தில் ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. வேனை அனுப்புகிறேன், டிரைவர் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்ததும் போன் பண்ணுவான், இறங்கி வா என்றார் தொரை. பழக்க தோஷம், ஸ்ரான்லியின் வாய் “சரி சேர்” என்றது.

எழும்பி உட்கார்ந்து சேர்ட்டைத் தேடினார். ஜொய்சி அழவில்லை, சண்டை போடவில்லை. உரித்த பழத்தைத் தாளில் சுற்றி வைத்தாள்.

“போங்க. அஞ்சாவது தடவை திகதி கேக்குறதுக்கு மட்டும் என்னையக் கூப்புடாதீங்க. எனக்கு ஏலாது.”

“நேத்து வரைக்கும் உள்ள கணக்கு சீடியில என் மேச லாச்சியில இருக்கு. இருந்தாலும் நான் போகாட்டி யாரு புள்ள பாக்குறது?”

“நீங்க போய்க்கிட்டே இருந்தா வேற யாரு பாப்பாங்க?”

ஒரு கை சேர்ட்டுக்குள் இருந்தது. மற்றக் கையை நுழைக்கவில்லை. தம்பிக்கு அந்தப் பாடத்தை எழுதிக் கொடுத்ததே அவர்தான். பதில் வருகிறவரை எழும்பாதே, பதில் நின்றால் மட்டும் எழும்பு. இவரோ, யார் எந்த நேரத்தில் கேட்டாலும் இருக்கேன், இருக்கேன் என்று இரண்டு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு எவன் எழும்புவான்?

போன் அடித்தது. வேன் வந்துவிட்டது. ஸ்ரான்லியின் கை தானாகவே நீண்டது. அதை மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. நாலு தோட்டத்துச் சனத்தையும் நடுரோட்டில் விட்டுவிட்டு வந்ததுபோல் வெட்கமாக இருந்தது. ஒரு வழியாகச் சத்தம் நின்றதும், “இத நீயே வச்சுக்க” என்று போனை ஜொய்சியிடம் கொடுத்துவிட்டுச் சேர்ட்டைக் கழற்றினார்.

காலையில் ஜொய்சி வந்தபோது அவருக்குப் பச்சைச் சட்டை மாட்டியிருந்தார்கள். வந்ததும் வராததுமாய், “என்ன ஆச்சு?” என்றார்.

“கலைச்செல்வி பேசினா. நேத்தே பழைய தொங்கு தராச கொழுந்து நிறுக்குற மடுவத்துல கட்டிட்டாங்களாம். கணக்கப்புள்ள ஒவ்வொரு நிறையாச் சத்தம் போட்டுச் சொல்ல, இவ கொப்பியில எழுதுறாளாம். நேத்துக் கொழுந்து வழமை மாதிரி பெக்டரிக்குப் போயிருச்சாம். தொரை கொஞ்ச நேரம் குதிச்சாராம், பொறகு தானே உக்காந்து கணக்குக் கூட்டுறாராம்.”

“என்னையக் கேட்டாங்களா?”

“ஒங்க வயிறு எப்பிடின்னு கேட்டா.”

“அதில்ல. வேலைக்கு.”

ஜொய்சி அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தாள் போலிருந்தது. “இல்லீங்க” என்றாள்.

ஸ்ரான்லிக்குக் கண் கலங்கிவிட்டது. பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது. கொழுந்து நிறுக்க ஒரு கொக்கியும் ஒரு கொப்பியும் போதும் என்றால், இரண்டு வருடம் அமுக்கிக்கொண்டு திரிந்த இந்த வலி யாருக்காக என்ற எரிச்சலும் இருந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினார்.

வாசலில் தள்ளுகட்டிலோடு வந்து நின்ற அட்டெண்டன் கையிலிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். “ஸ்ரான்லி இன்னவாத?” ஆள் இருக்கிறாரா என்று.

“இன்னவா” என்றார் ஸ்ரான்லி. சொல்லிவிட்டு ஜொய்சியைப் பார்த்து, “இருக்கேன்” என்றார்.