வெறுங்கையோடு வருகிறவர்கள்

தாய்லாந்து மொழி படிக்க மாணவர் விசா வாங்கித் தரும் அந்த அலுவலகத்தில் தாய்லாந்து மொழிப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. சேர்ந்த அன்றே கேட்டேன். அலுவலகத்தை நடத்தும் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க போய்ப் படிக்கத்தாம்மா விசாவே. இங்கயே படிச்சு முடிச்சிட்டா எவன் குடுப்பான்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிற இடத்தில் வாயைத் திறப்பது என் பிறவிக் குணம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுபவர். அம்மா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளை மடிப்பவள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் எனக்கு 'டிகிரி' என்றுதான் பெயர். திட்டும்போது மட்டும் 'டிகிரி மேடம்'. அந்த டிகிரிக்கு மருந்துக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. முதலாளி மகன் என்னை 'ஏய் பில்லு' என்று கூப்பிடுவான். ஒருநாள் திரும்பி 'என்னடா கல்லா' என்றேன். அன்றிலிருந்து அந்த வேலை எப்போது போகும் என்று நானும் அவனும் காத்திருந்தோம்.

அதனால்தான் மாஸ்டரிடம் போனேன். பெரியப்பா மகள், என் அக்கா, போன வருடம் இதே மாஸ்டர் மூலமாகத்தான் போனாள். மொழிப் படிப்பு, முடித்ததும் பெரிய ஹோட்டலில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்று பேச்சு. அலுவலகச் சுவரில் அவள் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். சூட்கேஸ் கைப்பிடியைப் பிடித்தபடி, உலகத்தையே வாங்கப் போகிறவள் மாதிரி நின்றாள். பெரியப்பா எதையாவது சாக்குச் சொல்லி அடிக்கடி அங்கே வந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போவார். அப்பாவோ லாரி ஷெட்டில் எல்லோரிடமும் ஒரே ஜோக்கைச் சொல்லித் திரிந்தார்: தாய் மொழி படிக்க எதுக்குப் பிளேன், தாய் இங்கேயே துணி மடித்துக்கொண்டுதானே இருக்கிறாள் என்று. முதல் நாள் எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு அவர் மட்டும் சிரித்தார்.

அலுவலகம் டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே கல் அறுக்கிற சத்தம் பல்லைக் கூச வைக்கும். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் பகலிலும் டியூப்லைட் எரியும். இரண்டு வரிசைக் கம்ப்யூட்டர்கள். நடந்த ஒரே வகுப்பு டைப்பிங், அதுவும் இங்கிலீஷில். வேகம் வந்தவர்களுக்கு டீச்சர் ஒரு பயிற்சி கொடுப்பாள். எந்நேரமும் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் அவளுக்கு எங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பயிற்சி இதுதான்: வெளிநாட்டில் ஒரு பெரிய மனிதர், மனைவி செத்துவிட்டாள், தனியாக இருக்கிறார். அவரோடு சாட் செய்ய வேண்டும். பேச்சு அறுந்துபோகக் கூடாது. நம்மேல் அவருக்கு நம்பிக்கை வர வேண்டும். எதிர்முனையில் டீச்சரே அந்தப் பெரிய மனிதராக உட்கார்ந்து பதில் போடுவாள்.

மொழி படிக்கப் போகிறவளுக்கு இது எதற்கு என்று கேட்டேன். வாடிக்கையாளர் சேவை என்றாள், நகத்தைப் பார்த்தபடி.

எனக்குப் பக்கத்து நாற்காலி 'கண்ணாடி' என்கிற பெண்ணுடையது. சோடாப்புட்டி அடி மாதிரி தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். அந்தப் பெயரை அவளே வைத்துக்கொண்டாள், அடுத்தவன் வைப்பதற்கு முன்னால் நாமே வைத்துவிட வேண்டும் என்று. அப்பா இல்லை. அம்மா தையல்காரி. அந்தப் பயிற்சியில் அவளை மிஞ்ச ஆளில்லை. "டீச்சரையே அழவெச்சிட்டேன்டி டிகிரி" என்று ஒருநாள் என் காதில் கிசுகிசுத்தாள். திரும்பிப் பார்த்தேன். டீச்சர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மொழி விசாவில் போகிறவள் மொழி தெரியாமல் போய் நின்றால் அசிங்கம் என்று நினைத்த ஒரே முட்டாள் அந்த அறையில் நான்தான். மருந்துக்கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் போனில் பாடம் கேட்டேன். குரலை ஏற்றி இறக்குவதிலேயே பொருள் மாறிவிடுகிற மொழி. பெண் எதைப் பேசினாலும் கடைசியில் மரியாதைக்கு ஒரு 'கா' போட வேண்டும். 'கின் காவ் ரூ யங்' என்றால் சாப்பிட்டாயா என்று அர்த்தம். நம்மைப் போலவே அவர்களும் அதைக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்களாம். எனக்குப் பிடித்துப் போயிற்று. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே நான் முணுமுணுப்பதைக் கேட்டு முதலாளி மகன், கடைக்குச் சூனியம் வைக்கிறாயா என்றான்.

மாஸ்டர் எங்களை விசா நேர்காணலுக்குத் தயார் செய்தார். எல்லோருக்கும் ஒரே பதில்: அந்த நாட்டுக் கலாசாரம் பிடிக்கும், திரும்பி வந்து சுற்றுலாத் துறையில் வேலை பார்ப்பேன். என் முறை வந்தபோது அதைத் தாய்லாந்து மொழியிலேயே சொன்னேன். கண்ணாடி கைதட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை. மாஸ்டர் எழுந்து வந்து என் மேசை விளிம்பில் உட்கார்ந்தார்.

"எம்பஸி உள்ள போய் இந்த பாஷைல ஒரு வார்த்தை பேசினேன்னு தெரிஞ்சுது, உன் பாஸ்போர்ட்டை மறந்துடு."

கடைக்குட்டிப் பிள்ளையைக் கொஞ்சுகிற குரலில் சொன்னார். எங்கள் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் அவர் இரும்பு அலமாரியில் இருந்தன.

நேர்காணலுக்குச் சில நாள் முன்பு ஒரு மத்தியானம் அக்கா அம்மாவின் போனில் வீடியோவில் வந்தாள். அதுவரை பெரியம்மாவிடம்தான் பேசுவாள். என்னைக் கேட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, முடியை ஏன்டி இப்படிப் பண்ணின என்று திட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"கின் காவ் ரூ யங் கா?"

அக்கா சிரித்தாள். புரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு. போன வருடமே போனவள். தெருவில் இறங்கி ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கியிருந்தால்கூட அந்தக் 'கா' அவள் காதில் விழுந்திருக்கும். அவள் கண் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பியது. அங்கே யாரோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

"என்னடி சொல்ற?"

"சாப்டியான்னு கேட்டேன். அங்க எல்லாரும் இதைத்தானே கேப்பாங்க?"

முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. வாய் மட்டும் வேறு எதையோ பேசியது.

"நான் இருக்கறது அந்த நாடே இல்ல. ஏர்போர்ட்லேர்ந்து நேரா எல்லையில ஓடற ஆத்தைத் தாண்டிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பக்கத்துல இருக்கறவனுக்குத் தமிழ் தெரியாது, மூஞ்சியைத்தான் பாப்பான். நீயும் சிரி."

சிரித்தேன். கன்னம் வலித்தது.

"நாள் முழுக்க டைப்பிங். எவனையாவது நம்பவெச்சுப் பணத்தை உருவணும். ஆள் குடுத்தாதான் ஆளை விடுவாங்க. உன்னைக் கூப்பிடத்தான் என்னை உக்கார வெச்சிருக்காங்க. நீயோ, உன்கூட இருக்கறவளோ, யாராவது ஒருத்தி வந்துட்டா நான் வீட்டுக்கு வந்துடுவேன்."

"வரச் சொல்றியா, வேணாங்கறியா?"

"தெரியலடி," என்றாள், பல் தெரிய. "எனக்கே தெரியல."

திரை இருண்டது.

அம்மாவிடம் சொன்னேன். "சிரிச்சுக்கிட்டுதானேடி பேசினா?" என்றாள். பெரியப்பா என்னை வாசலைத் தாண்டவே விடவில்லை. வேலை வெட்டி அமையாத எரிச்சலில் என் மகளைப் பற்றிக் கதை கட்டாதே என்றார். பெரியம்மா அவர் முதுகுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போலீஸ் ஸ்டேஷனில், பெற்றவர்கள் வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா மட்டும் கடைசி வரை கேட்டார். நீ போகாதே, விட்டுத்தள்ளு என்றார். அக்காவையும் விட்டுத்தள்ளவா என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

கண்ணாடியிடம் சொல்லவில்லை. அவளுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நேராக மாஸ்டரிடம் போய் நிஜமா சார் என்று கேட்பாள். அடுத்த நிமிடம் அக்காவுக்கு என்ன ஆகுமோ. யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது மிச்சமிருந்தது தாய்லாந்துத் தூதரகம் ஒன்றுதான். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களைத் தவிர வேறு யாரையும் கேட்டுக்குள் விடமாட்டார்கள். எனக்கு அழைப்பு இருந்தது. பேச மொழியும் இருந்தது. சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

தூதரகச் சுவரை ஒட்டி நடைபாதையில் எங்களை நிறுத்திவைத்து, உள்ளே போகும் நேரத்தில்தான் மாஸ்டர் தோள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் தருவார். விசா உறுதி என்றால் அதை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் மாஸ்டர் மொத்தமாக வாங்கிக்கொள்வார். இல்லை என்றால் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் வெளியே வருகிறவர்களின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். வெறுங்கை என்றால் கைதட்டல்.

எனக்குக் கிடைத்த ஜன்னலில் ஒரு பெண் அதிகாரி. இங்கிலீஷில் ஏன் இந்த மொழி என்று கேட்டார். நான் அவர் மொழியில் பதில் சொன்னேன். எனக்கு விசா வேண்டாம். உங்கள் நாட்டுக்குப் படிக்க வந்த என் அக்காவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடைத்து வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து உதவி செய்யுங்கள் கா.

ஏற்ற இறக்கம் எல்லாம் தப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் புருவம் உயர்ந்தது. மைக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடித் துளைக்குப் பக்கத்தில் குனிந்தார். அக்காவின் பெயர், சேர்த்துக்கொண்ட பள்ளியின் பெயர், அனுப்பியவர் யார், எல்லாம் கேட்டார். எனக்குப் புரிய வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகப் பேசினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் கை எட்டாது. இந்தப் பக்கம் இருக்கும் பள்ளியைப் பிடிக்கலாம். சில நாள் ஆகும். அதுவரை வெளியே வாயைத் திறக்காதே. தெரிந்துவிட்டால் அங்கே உள்ளவர்களை இடம் மாற்றிவிடுவார்கள், பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தலையாட்டினேன். பாஸ்போர்ட்டை என் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் என் கையைப் பார்த்தார். "அட, டிகிரிக்கே இல்லையா?" என்று வருத்தப்பட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டுக்காகக் கையை நீட்டினார். நான் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். நீட்டிய கையை அவர் உடனே மடக்கவில்லை.

எனக்குப் பக்கத்து ஜன்னலுக்குப் போயிருந்த கண்ணாடி அப்போதுதான் வந்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி வந்தாள். காலி. எல்லோரும் தட்டினார்கள். நடைபாதையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா எழுந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை மறைக்கப் போவதில்லை. ஒருத்தி போகிறாள். அக்கா வந்துவிடுவாள். வாயைத் திறக்காதே என்று அதிகாரியே சொல்லியிருக்கிறார். நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு இவ்வளவு நல்ல காரணங்கள் ஒரே சமயத்தில் கிடைத்தன.

கண்ணாடி ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "அழாதடி. நான் போய் உங்கக்காகிட்ட சொல்லி உன்னையும் கூப்பிட்டுக்கறேன்."

"போகாத," என்றேன்.

"என்னது?"

"போனா விடமாட்டாங்க. அங்க ஸ்கூலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டீச்சரை அழவெச்சியே, அதுதான் வேலை. அடைச்சு வெச்சு செய்ய வெப்பாங்க. எங்கக்கா உள்ள மாட்டியிருக்கா. அவளை விடறதுக்குத்தான் உன்னைக் கேக்கறாங்க."

வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கண்ணாடி என்னை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். "உனக்குக் கிடைக்கலன்னு வயிறு எரியுதாடி?" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவள் அம்மா மகளைப் பார்க்கவில்லை, மாஸ்டரைத்தான் பார்த்தாள். அந்த மனிதர் மறுப்பதற்காக ஒரு நிமிடம் காத்திருந்தாள். அவர் மறுக்கவில்லை. எங்களை விலக்கிக்கொண்டு போய்த் தூதரகக் கேட்டைத் தட்டத் தொடங்கினாள், என் மகள் பாஸ்போர்ட்டைக் கொடு, கொடு என்று.

மாஸ்டர் கோபப்படவில்லை. போனை எடுத்து எனக்குத் தெரியாத ஏதோ மொழியில் பேசினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். அக்கா.

"நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா நல்லா இருக்காது."

போனை வாங்கினேன்.

"யாரும் வரலக்கா. நான்தான் தடுத்தேன்."

"அந்தப் பொண்ணுமா?"

"அவளும்தான்."

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சரி," என்றாள். "எங்கம்மாகிட்ட சொல்லாத. கேட்டா வேலை ஜாஸ்தின்னு சொல்லு."

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்தாள். திரையில் நாற்காலி மட்டும் இருந்தது. இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. எங்கேயோ ஒரு கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"போனைக் குடும்மா," என்றார் மாஸ்டர்.

கொடுக்கவில்லை. உள்ளே இருந்த அந்தப் பெண் அதிகாரியிடம் காட்ட, தையல்காரம்மா தட்டிக்கொண்டிருந்த கேட்டை நோக்கி ஓடினேன். காவலாளி கையை அசைத்து விரட்டினான். அவனுக்குத் தெரிந்த மொழி எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த எல்லா மொழியிலும் கத்தினேன்.