மாப்பிள்ளை உடுப்பில் ஒரு பேய்த் திருநாள்

வேஷம் போடுகிற இனம் வீழும். வேஷம் போடாத இனமே வாழும். யாழ்ப்பாணத்தில் மூன்று வாசிகசாலை ஆண்டுவிழாக்களில் இந்த வசனத்தைச் சொல்லி, மூன்றிலும் கைதட்டு வாங்கியவர் நித்தியானந்தன். மூன்றாம் தரம் ஒலிபெருக்கிக்காரனும் வயரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான். 1986ஆம் ஆண்டு ஒக்ரோபர் முப்பத்தோராம் திகதி காலை ஏழு மணிக்கு, சுவிற்சர்லாந்தின் கூர் நகரில், ஒரு ஹோட்டலின் கூரைக்குக் கீழிருந்த சிறிய அறையில், அதே நித்தியானந்தன் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் கலியாணத் தலைப்பாவை ஊசி குத்தி நேராக்கிக்கொண்டிருந்தார். பேய்களின் கொண்டாட்டத்துக்குப் போவதற்காக.

ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். இங்கே ஹோட்டல் குசினியில் சட்டி கழுவுகிறவர். இந்த இரண்டுக்கும் இடையில் இருந்த தூரத்தை அவர் ஒருநாளும் வாயால் அளந்ததில்லை. கடிதங்களில் "ஹோட்டல் நிர்வாகத்தோடு சம்பந்தப்பட்ட உத்தியோகம்" என்றுதான் எழுதுவார். சட்டி கழுவாமல் எந்த ஹோட்டலை நிர்வகிக்கமுடியும் என்று கேட்டால் அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

முதலாளி புருன்னரின் மனைவி அமெரிக்காக்காரி. அவளுடைய நாட்டில் ஒக்ரோபர் கடைசி நாளில் பிள்ளைகளும் பெரியவர்களும் பேய் வேஷம் கட்டிக்கொண்டு திரிவார்களாம். கூரில் இதைக் கேள்விப்பட்டவர்கள் கிடையாது. வேஷத்துக்கு மாசியில் வேறொரு திருவிழா இருக்கும்போது இப்போது என்ன அவசரம் என்று சுவிஸ்காரர்களே முணுமுணுத்தார்கள். ஆனால் அழைத்தது முதலாளியின் மனைவி. கோடைகாலம் முடிந்து ஹோட்டல் மூடுகிற நாள். வேலையாட்கள் எல்லாரையும் குடும்பத்தோடு ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்த விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறாள். எல்லாரும் வேஷத்தில் வரவேண்டும். வேஷம் இல்லாதவர்களுக்கு வாசலில் ஒரு வெள்ளைத் துணி தரப்படும், கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி.

"வெள்ளைத் துணி போத்துறதெண்டா நான் வரமாட்டன்," என்றாள் ஜெயகௌரி. "கட்டின புருஷன் உயிரோட இருக்கேக்க எனக்கு வெள்ளையோ? கைப்பிள்ளையையும் வைச்சுக்கொண்டு?"

வராமல் விடவும் முடியாது. மார்கழியில் ஹோட்டல் திரும்பத் திறக்கும்போது சட்டி கழுவ யாரைக் கூப்பிடுவது என்று புருன்னர் இன்னும் சொல்லவில்லை. அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டி வேலை அனுமதியை நீட்டலாம், இந்த அறையும் தங்கும். கையெழுத்து இல்லையென்றால் பழையபடி அகதி முகாம். ஒரு அறையில் எட்டுப்பேர், ஓர் அடுப்பு, அடுப்புக்கு வரிசை. அங்கே ஏழு மாதப் பிள்ளையோடு பனிக்காலம். பிள்ளை யசோதரா பிறந்த நாளிலிருந்து இந்த அறையின் சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில்தான் படுக்கிறாள். குழாய் இரவில் 'டொக் டொக்' என்று தட்டும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு நித்திரை வராது.

ஆகவே நித்தியானந்தன் தன் கொள்கையை வளைக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் வேஷம் போடப்போவதில்லை. கலியாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டி, சால்வை, தலைப்பா. ஜெயகௌரி வரும்போது சூட்கேசில் கொண்டுவந்தவை. அவளுக்குக் கூறைச் சேலை. "இது வேஷமில்லை. எங்கட அடையாளம்," என்றார். "அவை வேஷமெண்டு நினைச்சா அது அவையின்ர அறியாமை."

"அடையாளத்துக்குக் குளிரும்," என்றாள் அவள்.

அதுவும் உண்மைதான். வெளியே மலையுச்சிகளில் பனி இறங்கியிருந்தது. நித்தியானந்தன் வேட்டிக்குள்ளே ஒரு கால்சட்டை போட்டுக்கொண்டார். குசினியில் போடுகிற, நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட தடித்த கால்சட்டை. அவை ஹோட்டலின் சொத்து. உடுப்பு அறையைப் பார்க்கும் கடுஃப் அம்மா ஒவ்வொருவருக்கும் நாலு கொடுத்து, பின்பக்க இடுப்புப் பட்டியில் சிவப்பு நூலால் ஆளின் இலக்கத்தைத் தைத்து வைத்திருப்பாள். போன கிழமை எல்லாரும் திருப்பிக் கொடுத்தார்கள். நித்தியானந்தனும் கொடுத்தார். ஆனால் அவருடைய அலுமாரியின் அடியில் இன்னுமொன்று கிடந்தது. குளிர்காலம் வருகிற நேரத்தில் ஒரு கால்சட்டை தானாக வந்து கிடந்தால் அதை நிமித்தம் என்றுதான் கொள்ளவேண்டும்.

பிள்ளைக்கு என்ன உடுப்பு என்பதில் ஜெயகௌரிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பேய்கள் கூடுகிற இடத்துக்குப் பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோகிறோம். நெற்றியில் ஐந்து ரப்பன் காசு அளவில் கரும்பொட்டு. இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று. நாடியில் ஒன்று. உள்ளங்காலில் ஒவ்வொன்று. இடுப்பிலும் கையிலும் கறுப்புக் கயிறு. பிறகு தள்ளுவண்டிலின் கைப்பிடியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஏழு செத்தல் மிளகாயையும் கோர்த்துக் கட்டினாள். வண்டில் கடுஃப் அம்மா தந்தது. அவளுடைய மூன்று பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்களாம். ஒரு சில்லு கீச்சிடும். ஆனால் சூரிச்சில் கடைக்கண்ணாடிக்குள் பார்த்த புது வண்டில்கள் எதையும் ஜெயகௌரி அதற்கு மாற்றமாட்டாள்.

"இது கொஞ்சம் கூடிப்போச்சு, கௌரி."

"நீங்கள் தலைப்பாவைப் பாருங்கோ. சரிஞ்சு கிடக்கு."

ரயில் நிலையத்தில் ஒரு வெள்ளைப் பேய் அவர்களைப் பார்த்துக் கையசைத்தது. துணியைத் தூக்கினால் உள்ளே அந்தோனிதாஸ். மன்னார்ப் பக்கத்துப் பெடியன், குசினியில் மரக்கறி வெட்டுகிறவன். குளிர்கால வேலை அவனுக்கு ஏற்கனவே உறுதி.

"என்னடா தம்பி, வாசல்ல தாறதை வீட்டிலயிருந்தே போத்திக்கொண்டு வாறாய்? வெக்கமில்லையோ?"

"என்ன வெக்கம் அண்ணை? உள்ளுக்கை நல்ல சூடு." அவன் பிள்ளையைக் குனிந்து பார்த்தான். "ஐயோ, குஞ்சுவுக்கு என்ன நடந்தது?"

"கண்ணூறு படாமலுக்கு," என்றாள் ஜெயகௌரி.

"கண்ணூறு கிட்டவே வராது அக்கா. பாத்தவுடன திரும்பி ஓடிவிடும்."

ரயிலில் அவன் விளக்கம் சொன்னான். "இது எங்கட சகல ஆத்துமாக்கள் திருநாள் மாதிரித்தான் அண்ணை. நாங்கள் கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவம். இவை பூசணிக்காய்க்குள்ள கொளுத்தினம்."

நித்தியானந்தனுக்கு அவன்மேல் ஒரு இரக்கம் இருந்தது. போன கிழமை உடுப்புத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தோனிதாசிடம் மூன்று கால்சட்டைதான் இருந்தன. கடுஃப் அம்மா எல்லாருக்கும் முன்னால் அவனை ஏசினாள். குசினி முழுக்கத் தேடினார்கள். நித்தியானந்தனும் கூடத் தேடினார். தேடி முடிய, உடுப்பு அறை வாசலில் நின்று, பொதுச் சொத்தைப் பேணுவது பற்றி அவனுக்குக் கால் மணித்தியாலம் எடுத்துச் சொன்னார். "ஒரு கால்சட்டையைக் காப்பாத்தத் தெரியாதவன் ஒரு நாட்டை எப்பிடியடா காப்பாத்துவான்?" அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல பெடியன். சொன்னால் கேட்பான்.

பூங்காவில் நாற்பது பேய்களும் பத்துப் பதினைந்து சூனியக்காரிகளும் நின்றார்கள். கடுஃப் அம்மாவும் ஒரு கூர்த்தொப்பி போட்டிருந்தாள். அவளுக்கு அது இயல்பாகப் பொருந்தியது. வழி நெடுக, கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காய்களுக்குள் மெழுகுதிரி எரிந்தது. ஜெயகௌரி அவற்றைக் கண்டவுடன் ஆறுதலானாள். ஊரில் கண்ணூறு கழிக்கப் பூசணிக்காயை உடைப்பார்கள். இவர்கள் உடைக்காமல் விளக்கு வைக்கிறார்கள். முறை வேறானாலும் நோக்கம் நல்லதுதான் என்று அவள் முடிவுசெய்தாள்.

வேஷத்தைப் பார்த்து எல்லாரும் பாராட்டினார்கள். "அற்புதம்! இந்த மகாராஜா உடுப்பை எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள்?" என்று வரவேற்பு மேசையில் வேலைசெய்கிற பெண் கேட்டாள். இது என் கலியாண உடுப்பு என்பதற்கு இங்கே பேசுகிற டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், நித்தியானந்தனிடம் சொல் இருந்தது. ஆனால் வாடகை என்றால்தான் மதிப்பு என்பதுபோல அவள் முகம் இருந்தபடியால் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

சுற்றுகிற குதிரைகளுக்கு நடுவில் ஒரு அன்னம் இருந்தது. இருவர் இருக்கலாம். ஜெயகௌரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். நித்தியானந்தன் கீழே நின்று தலைப்பாவைப் பிடித்துக்கொண்டார். முதல் சுற்றில் அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். இரண்டாவதில் ஒரு கண் திறந்தது. மூன்றாவதில் பிள்ளை காற்றைக் கடிப்பதுபோல வாயைத் திறந்து கெக்கலித்தது. அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், பல்லெல்லாம் தெரிய. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அன்னம் ஒவ்வொரு தரமும் பின்பக்கம் மறைந்து திரும்பி வந்தது. அது வருகிற ஒவ்வொரு தரமும், யாருக்கு என்று தெரியாமல், அவர் மனதுக்குள் நன்றி சொன்னார். கடவுளுக்கா, கடுஃப் அம்மாவின் வண்டிலுக்கா, அந்த அறையின் சூட்டுக் குழாய்க்கா. கையெழுத்துக் கிடைக்காவிட்டால் இந்தச் சிரிப்பு எட்டுப்பேர் இருக்கிற அறைக்குப் போய் என்ன செய்யும் என்றும் நினைத்தார்.

மூன்று மணிக்கு மரமேடையில் பரிசு. முதலாளியின் மனைவி மேடையிலிருந்து ஏதோ சொல்லிவிட்டுத் தள்ளுவண்டிலை நோக்கிக் கையை நீட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். சிறந்த வேஷத்துக்கான முதற்பரிசு, அந்தப் பூங்காவில் வேஷமே போடாத ஒரே ஆளான யசோதராவுக்கு.

"என்னவாம்?" என்றாள் ஜெயகௌரி.

சிறந்த குட்டிச் சூனியக்காரி என்பதை அப்படியே மொழிபெயர்க்க நித்தியானந்தனுக்குத் துணிவு வரவில்லை. "பிள்ளை லட்சுமி மாதிரி இருக்காம்."

அவர்கள் மேடை ஏறினார்கள். முதலாளியின் மனைவி பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாள். பரிசு ஒரு பெரிய பூசணிக்காய் விளக்கும் ஒரு சின்னக் கூர்த்தொப்பியும். முதலாளி புருன்னர் பக்கத்திலேயே நின்றார். ஒரு கிழமையாகச் சட்டி கழுவும்போது பாடமாக்கிய நன்றியுரைக்கு இதைவிட நல்ல இடம் வராது. நித்தியானந்தன் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

"மதிப்புக்குரிய முதலாளி அவர்களே! இரண்டாயிரம் ஆண்டுப் பண்பாட்டின் பெயரால்..." என்று டொச்சில் தொடங்கி, ஆண்டுவிழாக்களில் செய்வதுபோல வலக்கையை வானத்துக்கு உயர்த்தினார்.

பட்டு வேட்டி தோலில் நிற்கும். கால்சட்டைத் துணியில் வழுக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, ஏனென்றால் மாப்பிள்ளை வேட்டியைக் குசினிக் கால்சட்டைக்கு மேலே கட்டியவர் அவருக்கு முன்னால் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். "பண்பாட்டின் பெயரால்" என்பதோடு வேட்டி மேடைக்கு இறங்கியது. அவர் அதை உணராமல் இன்னும் இரண்டு வசனம் பேசினார். பிறகு கால் குளிர்ந்தது.

தலைப்பா, சால்வை, அதற்குக் கீழே நீலமும் வெள்ளையும் கட்டம். கூட்டத்தின் நடுவில் கடுஃப் அம்மாவின் கூர்த்தொப்பி மெதுவாக நிமிர்ந்தது.

"நித்தி," என்றார் புருன்னர், "அது ஹோட்டல் கால்சட்டை அல்லவா?"

பாடமாக்கிய உரையில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கவில்லை. பண்பாட்டில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. நித்தியானந்தனிடம் மிஞ்சியது குசினி டொச் மட்டும்தான்.

"ஓம். குளிர். திருப்பித் தாறன்." பிள்ளையைப் பார்த்தார். "அறை சூடு. பிள்ளை நல்லாய் நித்திரை. மனுசி இண்டைக்குச் சிரிச்சவ. நன்றி."

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைப் பேய் மேடைக்குத் தாவி ஏறியது. முழங்காலில் இருந்து, பின்பக்கமாக வேட்டியைத் தூக்கி அவர் இடுப்பில் சுற்றியது. இரண்டு ஓட்டைக்குள்ளால் கண்கள் அவர் இடுப்புப் பட்டிக்கு நேரே வந்து, அங்கே ஒரு கணம் நின்றன.

"மூச்சைப் பிடியுங்கோ அண்ணை," என்றது பேய். இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டது.

கூட்டம் இதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டது. பேய் மகாராஜாவுக்கு உடுப்புக் கட்டிவிடுகிறது! நாற்பது பேய்களும் கைதட்டின. வாசிகசாலையில் கிடைத்ததைவிட நீளமான கைதட்டு. புருன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளில் தட்டினார்.

"வைத்துக்கொள். மார்கழி பதினைந்தாம் திகதி கழுவிக் கொண்டு வா. கடிதம் திங்கட்கிழமை எழுதித் தருகிறேன்."

திரும்பும் ரயிலில் பிள்ளை அவர் மார்பில் தூங்கியது. நெற்றிப் பொட்டு சால்வையில் பதிந்தது. ஜெயகௌரி கூர்த்தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லட்சுமிக்கு ஏன் இந்தத் தொப்பி?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எனக்கு அப்பவே விளங்கினது," என்றாள். "கையெழுத்துக் கிடைக்கட்டுமெண்டு சும்மா நிண்டனான். முதலாளியின்ர மனுசியும் பிள்ளையை ஆசையாய்த்தானே தூக்கினவள்." தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

முன் இருக்கையில் அந்தோனிதாஸ் துணியைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தான். "நல்ல பேச்சு அண்ணை," என்றான். "முதல் பகுதி விளங்கேல்லை. கடைசிப் பகுதி நல்லாயிருந்தது." பிறகு ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை அவருக்கு நீட்டினான்.

பொழுதுபடுகிற நேரத்தில் அறைக்கு வந்தார்கள். ஜெயகௌரி பூசணிக்காயை யன்னலில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினாள். குழாய் 'டொக் டொக்' என்றது. நித்தியானந்தன் கால்சட்டையைக் கழற்றி, தோய்ப்பதற்காகப் பின்பக்கம் திருப்பினார். பூசணிக்காயின் வெளிச்சத்தில் இடுப்புப் பட்டியில் சிவப்பு நூல் தெரிந்தது.

பதினாலு. நித்தியானந்தனின் இலக்கம் ஒன்பது. பதினாலு அந்தோனிதாசின் இலக்கம்.