முப்பது ஆம்ப் ஃபியூஸ்

“ஆம்ப்ளிஃபயர் சின்னதாவே குடுங்கண்ணே. போன தடவை பெருசு வாங்கித்தான் ரெண்டு ஸ்பீக்கரும் கருகிப்போச்சு,” என்றான் தம்பி.

“யாரு சொன்னா?” என்று கேட்டார் கார் வயரிங்காரர்.

“எங்க மாமாதான். மூணு மாசமா தெருவே கேக்குற மாதிரி சொல்லிட்டிருக்காரு.”

அவனுடைய அக்கா, கடை வாசலில் நிறுத்தியிருந்த தான் ஓட்டும் வாடகைக் காரைத் திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் அவள் கணவர் சவாரி வந்தவரைப்போல உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடம் தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்தின் அருகே நின்றதில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. பாட்டில் அவருக்கு எட்டியது அடித்தாளம் மட்டும். அதுவும் காதுக்கு அல்ல, முதுகுக்கு. அதற்காகத்தான் டிக்கியில் அடித்தாளத்தை அதிரவைக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டு வைத்தார்கள். அப்போதெல்லாம் முன் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வருவார். ஸ்பீக்கர் கருகிய அன்று பின் சீட்டுக்குப் போனவர்தான். ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுத்த மச்சினனோடு பேச்சும் இல்லை.

“இன்னிக்கும் சரியா வரலேன்னா?” என்று காலையில் அவள் கேட்டதற்கு, “கழட்டிப் போட்டுடு. டிக்கியில சாமான் வைக்க இடமாவது கிடைக்கும்,” என்று சொல்லியிருந்தார்.

‘காயில்’ எனும் கம்பிச்சுருளைப் புதிதாக மாற்றிய ஸ்பீக்கர்கள் மேசையில் தயாராக இருந்தன. வயரிங்காரர் பழைய ஆம்ப்ளிஃபயரை அவற்றின் பக்கத்தில் வைத்தார்.

“இதோட பெட்டியில என்ன போட்டிருந்தது?”

“ஆயிரத்து ஐநூறு வாட்.” அந்தச் சொல் வரும்போதெல்லாம் தம்பிக்கு நெஞ்சு நிமிரும். வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயரே வாட்டு.

“பெட்டிக்கென்னப்பா, வாயா வலிக்குது? ஃபியூஸைப் பாரு. எத்தனை?”

“முப்பது ஆம்ப்.”

“பேட்டரி பன்னெண்டு வோல்ட். பெருக்கு.”

“முந்நூத்தி அறுபது.”

“உள்ள போறதே அவ்வளவுதான். வெளிய ஆயிரத்து ஐநூறு வருமா? மாடுகூட அப்படிக் கறக்காது.”

தம்பி ஃபியூஸை இன்னொரு தடவை பார்த்தான். “அப்ப இது பெருசு இல்லையா?”

“உன் ஸ்பீக்கர் ஒண்ணொண்ணும் முந்நூறு கேக்குது. ரெண்டுக்கும் அறுநூறு. சூடாப் போறது போக இது பாவம், பாதிதான் தேறும்.”

“பின்ன எப்படிண்ணே கருகுச்சு? சின்னதுன்னா சத்தம் குறையத்தானே செய்யும்?”

“குறையுதேன்னுதான் யாரோ இதைத் திருகியிருக்காங்க.” ஓரத்தில் ‘கெயின்’ என்று எழுதியிருந்த சின்னத் திருகைக் காட்டினார். அது கடைசிவரை திரும்பியிருந்தது. “இது சத்தம் கூட்டுறதுக்கு இல்லை. ரேடியோவுல இருந்து வர்ற அளவுக்குப் பொருத்தி, ஒரு தடவை வெச்சா வெச்சதுதான். முழுசாத் திருகினா, முடியாததை இழுக்கப் பார்த்துப் பாட்டை நசுக்கும். அந்த நசுங்கலே காயிலைச் சுட்டுடும்.”

“நான் பாதிக்குக் கீழதான் வெச்சேன். சத்தியமாண்ணே!”

“அப்ப யாரு?”

அக்கா சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். அதில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் தொங்கியது.

“நான்தான்.”

“நீயா?”

“‘முதுகுல ஒண்ணும் தெரியலையே’ன்னார் ஒருநாள். கொஞ்சம் திருகினேன். சிரிச்சார். மறுநாள் இன்னும் கொஞ்சம்.”

“மூணு மாசம்க்கா! என்னைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு. நீ பக்கத்துல நின்னு தோசை சுட்டுட்டிருந்தே!”

“பெருசாலதான் கருகுச்சுன்னு நானும் நம்பிட்டேன்டா. ஆனா திருகினதைச் சொல்லியிருக்கணும்.”

“என்கிட்ட சொல்லி என்ன? அவர்கிட்ட சொல்லு.”

வயரிங்காரர் புதிய ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றைப் பிரித்தார். நாற்பது ஆம்ப் ஃபியூஸ் இரண்டு வைத்தது, பழையதைவிடப் பெரியது. “ரெண்டு ஸ்பீக்கரையும் பக்கத்துப் பக்கமா இணைச்சா மின்தடை ரெண்டு ஓம். ரெண்டு ஓமுக்கு விடாம அறுநூறு வாட் குடுக்கும்னு தாள்ல இருக்கா பாரு. பெட்டியில இல்லை, உள்ள இருக்குற தாள்ல.” தம்பி இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையாட்டினான்.

பேட்டரியிலிருந்து பின்னால்வரை கட்டைவிரல் தடிமனுக்கு வயர் இழுத்து மாட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மீட்டர் வைத்துக் கெயினைப் பொருத்தி, அதன்மேல் ஒரு சொட்டு நகச்சாயம் வைத்தார். “இனி இதுக்குப் பூட்டும்மா.”

சோதித்துப் பார்க்கத் தம்பி முன் சீட்டில் ஏறிக்கொண்டான். அக்கா பின் ஜன்னலுக்குக் குனிந்தாள்.

“ஏங்க, ஸ்பீக்கரைக் கருக்கினது நான்!”

“என்ன?”

“நான்தான் திருகினேன்! தம்பி மேல தப்பில்லை!”

எதிரே டயர் கடையில் இருந்தவர்கள் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ எதுக்குத் திருகினே?”

“நீங்க பக்கத்துல உக்காந்து வரணும்னு!” டயர் கடைக்கும் சேர்த்தே கத்தினாள்.

அவர் முன் சீட்டின் முதுகைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து முன் கதவைத் திறந்தார்.

“இறங்குடா வாட்டு. அது என் சீட்டு.”

மூன்று மாதத்தில் அவர் மச்சினனிடம் பேசிய முதல் பேச்சு அது. தம்பி பின்னால் போனான். போகிற வழியில் அக்காவின் சாவிக்கொத்திலிருந்து ஸ்க்ரூ டிரைவரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

அவள் பாட்டைப் போட்டாள். கண்ணாடியில் தொங்கிய அட்டை அதிர்ந்தது. கணவர் முதுகைச் சீட்டில் சாய்த்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

“எப்படிங்க?”

“கொஞ்சம் குறைம்மா. பல்லு ஆடுது.”