வலது துடுப்பு

காளிதாஸ் உருவாக்கிய விளையாட்டில் படகு ஒன்று, துடுப்பு இரண்டு. இடது துடுப்பை ஒருவர் போட வேண்டும், வலது துடுப்பை இன்னொருவர். இருவரும் ஒத்துப் போட்டால் அலையாத்திக் காட்டுக்குள் படகு நேராகப் போகும். ஒருவர் கோட்டைவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். கல்யாணமான புதிதில் முருகலட்சுமியோடு காரங்காட்டுக் கடலோரத்தில் படகேறிப் போய்வந்தபோது அவனுக்கு உதித்த யோசனை அது. போனில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது டேப்லெட்டுக்கும் மாற்றித் தரச் சொல்லிக் கம்பெனி உயிரை வாங்கியது.

வளைகாப்பு முடிந்து முருகலட்சுமி சாயல்குடிப் பக்கத்திலிருக்கும் தாய்வீட்டுக்குப் போனபோது, டேப்லெட்டைக் கையோடு கொடுத்தனுப்பினான். சாயங்காலமானால் அங்கிருந்து அவள் வலது துடுப்பு, பரமக்குடியிலிருந்து இவன் இடது துடுப்பு. ஆடிக்கொண்டே பேசிக்கொள்ளவும் செய்யலாம். அவனுக்கு அந்த நாளின் ருசியே அந்தப் பொழுதில்தான் இருந்தது.

ஆனால் படகு சுற்றியது. ஒரு விரல் வைத்தால் துடுப்பு முன்னால் தள்ளும், இரண்டு விரல் வைத்தால் பின்னால் இழுக்கும். அவள் துடுப்பு நினைத்தபோதெல்லாம் பின்னால் இழுத்தது. பட்டனைப் பெரிதாக்கினான். அகலமான திரையில் பெருவிரல் எட்டவில்லை போலும் என்று, தன்னிடமிருந்த இன்னொரு டேப்லெட்டில் கையை வைத்துப் பார்த்துக் கீழ் மூலைக்கு இறக்கினான். முன்னைவிட மோசமானது. பொறுமை போய்விட்டது.

“ஏய், ஒரு விரலத்தானே வைக்கச் சொல்றேன். அதுகூடவா ஏலல?”

“ஏலல. நாளையிலருந்து நான் வரல. வேற ஆளப் பாத்துக்கங்க.”

மறுநாள் அவள் வரவில்லை. தனியாக இடது துடுப்பைப் போட்டுப் பார்த்தான். படகு பம்பரமாகச் சுற்றியது. நிறைமாதத்தில் இருப்பவளிடம் இப்படியா எரிந்து விழுவது என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவளுக்குத் தன்னோடு பேசுவதே அலுத்துவிட்டதோ என்றும் தோன்றியது. விடிந்ததும் பஸ் ஏறினான்.

“வாங்க மாப்ள, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீக” என்று மாமியார் பிச்சையம்மாள் வரவேற்றார். டாக்டர் சொன்னபடி முருகலட்சுமி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் கண்ணில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“தெரியாம வைஞ்சிட்டேன் லெட்சுமி. ஒரு தடவ என் முன்னாடி போட்டுக் காட்டு.”

டேப்லெட்டைத் தலையணையில் சாய்த்து வைத்து வலது கையை நீட்டினாள். முழங்கை வரை அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்கள் சலசலவென்று மணிக்கட்டில் வந்து குவிந்தன. அவற்றுக்கு முன்னால் வெள்ளிக் காப்பு. பெருவிரல் மூலைப் பட்டனைத் தொட்டதும் காப்பு திரைமேல் உட்கார்ந்தது. உடம்பில் ஒட்டிய உலோகம் திரைக்கு இன்னொரு விரல். துடுப்பு பின்னால் இழுத்தது. காப்பு திரையில் படாதிருக்க அவள் கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தாள். மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது.

பட்டனைக் கீழே இறக்கி வம்பை வளர்த்தது தான்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அசடு வழிந்தபடி, “கொஞ்ச நேரம் இதையெல்லாம் கழட்டி வச்சிட்டு...” என்று வாயைக் கொடுத்தான்.

“பிள்ள பொறக்குமுன்ன வளையலக் கழட்டுறதா? நல்லாருக்கு மாப்ள நீங்க பேசுறது!”

உடனே சரணடைந்தான். மாமியாரிடமே ஒரு வெள்ளிக் காப்பை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, அவள் டேப்லெட்டோடு தரையில் தலையணை போட்டு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தான். பிச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பெருவிரல் தானாக வந்து விழுவது மூலையில் அல்ல, ஓரத்தின் நடுவில்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் மாற்றினான். பெருவிரல் எங்கே தொடுகிறதோ அங்கேயே பட்டன் வந்து நிற்கும். பின்னால் இழுக்கத் தனிப் பட்டன். கீழ் மூலையில் எது பட்டாலும் திரை கண்டுகொள்ளாது.

அவள் டேப்லெட்டோடும் இவன் போனோடும் ஆடத் தொடங்கினார்கள். அவள் கை தலையணையில் சொகுசாகக் கிடந்தது. காப்பு பட்டும் துடுப்பு பின்னால் போகவில்லை.

ஆனால் படகு சுற்றியது.

“கை வலிக்குதா?”

“இல்லியே. இப்ப சொகமா இருக்கு.”

“பின்ன ஏன் சுத்துது?”

முருகலட்சுமி திரையை விட்டு அவனைப் பார்த்தாள். “எனக்கு இந்த வெளாட்டே பிடிக்காதுங்க.”

அவன் துடுப்பிலிருந்து விரலை எடுத்தான்.

“போன் போட்டா, சாப்பிட்டியா, மாத்திர போட்டியா, வச்சிரவாம்பீக. படகுல ஏறினாத்தான் உங்க வாயே தெறக்குது. சிரிக்கிறீக, கத கதயாச் சொல்றீக. அதக் கேக்கத்தான் கைய வலிக்க வலிக்கப் போட்டேன். நான் எங்க படகப் பாத்தேன்?”

காளிதாஸ் போனைக் கவிழ்த்து வைத்தான். ஏதாவது பேசிவிட வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

“சாப்பிட்டியா?” என்றான்.

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். கவிழ்ந்து கிடந்த போனை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“நீங்க துடுப்பப் போடுங்க, சுத்துனாச் சுத்தட்டும்.”