நடுச்சுவருக்கு இந்தப் பக்கம்

…பெட்டியைக் கீழே இறக்கி வையுங்கள் என்றேன், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் நடந்த காய்ச்சல், ஆஸ்பத்திரி எல்லாம் எதற்கு, யார் வீட்டில்தான் காய்ச்சல் இல்லை, கல்லறைத் தோட்டத்தின் பெரிய கேட்டு, கையில் சாவியோடு கோயில் உபதேசியார், சித்திரை வெயில், இறக்கி வையுங்கள்… கூட்டத்தில் சொல்ல வேண்டியதை அமலராணி வாய்க்குள்ளேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். எங்கும் தட்டவில்லை. அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்கு முடிந்தது. பஸ் மணப்பாறையில் நின்று, ஜன்னலுக்கு ஜன்னல் முறுக்குக் கூடை வந்து போய், மறுபடியும் கிளம்பியது. முன் சீட்டில் பிச்சைமுத்து தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குகிறான், பாவம், பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் காலையெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு நேரே வந்திருக்கிறான், சங்கத்துச் செயலாளர் என்றால் சும்மாவா. சனி, ஞாயிறு வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும், போன மாதம் ஸ்ரீரங்கத்தில் துப்புரவுக்காரர் காலனி, இன்றைக்கு வையம்பட்டி. இன்றைக்கு என்ன தேதி என்று அவன் பார்க்கவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும், அவன் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். இவளாவது சொல்லியிருக்கலாம், தம்பி, இன்றைக்குக் கல்லறைத் திருநாள், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று. ஏன் சொல்லவில்லை? சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பாலக்கரையில் பஸ் ஏறும்போது எதிரே குடும்பம் குடும்பமாகப் பூவும் மெழுகுவத்தியும் சுண்ணாம்பு வாளியுமாகப் போனார்கள், பார்த்துக்கொண்டே ஏறினாள், யாரோ எங்கோ போகிறார்கள் என்பது போல.

இதை ஆரம்பித்துவைத்தது அந்த அமெரிக்கா அம்மா. ஆவணியில் சங்கத்துக் கூட்டத்துக்கு வந்திருந்தாள், அமெரிக்கா என்றால் வெள்ளைக்காரி என்றுதானே நினைப்போம், வந்து நின்றவள் நம்மைவிடக் கறுப்பு, நல்ல உயரம், தலையில் தொப்பி. அவர்கள் ஊரில் பஸ்ஸில் பின்னால்தான் உட்கார வேண்டுமாம், முன்னால் உட்கார்ந்ததற்கு அவள் தம்பியைப் பிடித்துப்போய் அடித்தார்களாம், அவன் செத்தபோது புதைக்கவும் தனி இடந்தானாம். அடியாத்தி, அங்கேயுமா. அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஸ்கூல் டீச்சர் ஒருத்தி தமிழில் சொன்னாள், கூட்டம் மூக்கைச் சிந்தியது. எங்கள் ஆட்கள் நடந்ததை நடந்தபடி ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித்தான் நிமிர்ந்தோம் என்றாளாம். கூட்டம் முடிந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள், நல்ல சூடான கை, உன் கதையை உன் வாயாலேயே சொல் என்றாள். பிச்சைமுத்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சொன்னதில் தப்பில்லை, ஸ்ரீரங்கத்தில் இவள் பேசிவிட்டு வந்த மறுநாளே பெண்கள் சேர்ந்து போய், அதுவரை தங்களை விடாத குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்தார்களாமே. ஊருக்கெல்லாம் தெம்பு வருகிறது. இவளுக்குத்தான் ஒன்றும் வருவதில்லை. தைரியராஜ் போய் ஆறு மாதம் ஆகிறது, ஒரு சொட்டு அழவில்லை, கட்டின புருஷனுக்கு அழாதவள் மனுஷிதானா என்று நாத்தனார் கேட்டாள், அதற்கும் கோபம் வரவில்லை. ஊசி போட்ட இடம் மாதிரி எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

வையம்பட்டியில் ஜமக்காளம் விரித்து, பெட்ரோமாக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவள் எழுந்து நின்றாள், வாய் திறந்தது. ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே நற்கருணை, செத்தால் மட்டும் நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம். அந்தக் கோயில் கோபுரத்துக்குக் கல் சுமந்தவர் என் வீட்டுக்காரர், பெரிய கேட்டு வழியாக அந்தப் பக்கந்தான் கொண்டுபோவேன் என்றேன், திறக்க மாட்டேன் என்றார் உபதேசியார், பெட்டியைக் கீழே இறக்கி வையுங்கள் என்றேன், பக்கத்தில் உட்கார்ந்தேன், வெயில் சாயும்வரை உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை… இதோடு நிறுத்த வேண்டும். மிச்சத்தை முதல் நாளே பிச்சைமுத்து வெட்டிவிட்டான், அது வேண்டாங்கக்கா, கேக்குறவங்களுக்கு மனசு விட்டுப்போயிரும் என்றான். அவன் சொன்னதும் சரிதான் என்று பட்டது. இந்த இடத்தில் அவன் கை தட்டுவான், எல்லாரும் தட்டுவார்கள்.

அவன் கையைத் தூக்குவதற்குள் முன்வரிசையில் ஒருத்தி எழுந்துவிட்டாள். சவுரியம்மாளாம், விரலெல்லாம் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக, மாமியார் கல்லறைக்கு அடித்துவிட்டு அப்படியே வந்திருக்கிறாள்.

“இன்னிக்குக் கல்லறைத் திருநாளாச்சே, போகலியாக்கா நீங்க? அண்ணனை எங்க வச்சிருக்கு?”

எங்கே? இவள் பிச்சைமுத்துவைப் பார்த்தாள், அவன் வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினான், என்ன செய்வான் அவன், ஆனால் அந்தச் சுண்ணாம்புக் கை அப்படியே நீண்டு நிற்கிறதே, கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் எப்படி…

“இந்தப் பக்கந்தாங்க. பெட்டியில எறும்பு ஏறிருச்சு. முந்தானையால தட்டித் தட்டிப் பாத்தேன், நிக்கல. நாந்தான் தூக்கச் சொன்னேன்.”

யாரும் தட்டவில்லை. சவுரியம்மாள் உட்காரவும் இல்லை, எங்கள் மாமியாரையும் மழையில் ஓரமாகத்தான் குழி தோண்டச் சொன்னார்கள் அக்கா என்று ஆரம்பித்தாள், அவள் முடிப்பதற்குள் பின்னால் ஒருத்தி தன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், அதற்கப்புறம் இன்னொருத்தி. பங்குச் சாமியாரிடம் எல்லாருமாகப் போய்க் கேட்போமே என்று ஒரு குரல் வந்தது. பிச்சைமுத்து கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

கிளம்பும்போது சவுரியம்மாள் இடுப்பில் செருகியிருந்த மெழுகுவத்தியை எடுத்து இவள் கையில் வைத்தாள், மிச்சம் இருந்தது, போய் ஏத்துங்கக்கா என்றாள். திரும்பும் பஸ்ஸில் அதை உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டே வந்தாள், சூட்டில் லேசாக வளைந்தது. எங்கே ஏற்றுவது? கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்த இடம் தெரியும், எந்தக் கல், எந்தப் பக்கம் நிழல், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், ஊர் ஊராக அதைத்தானே சொன்னாள், சொல்லும்போதெல்லாம் அவர் அங்கேயே, வாசலிலேயே, வெயிலில். உள்ளே? வேப்பமரத்துக்குப் பக்கமா, சுவரை ஒட்டியா, குழியில் மண்ணை அள்ளிப் போட்டோமே, போட்டோமா, சிலுவை யாராவது நட்டார்களா… உபதேசியாரைத்தான் கேட்க வேண்டும். அந்த ஆளிடம் போய், என் புருஷனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. பிச்சைமுத்து திரும்பி, ஏதாச்சும் சொன்னீங்களாக்கா என்று கேட்டான். இல்லை தம்பி என்றாள்.