குழாய்க்கு விடவேண்டிய இடம்

எங்கள் வீட்டுக் குழாய் சத்தம் போடத் தொடங்கியது ஒக்டோபரில், முதல் குளிருக்கு வீட்டைச் சூடாக்கப் பொயிலரைப் போட்ட அன்று. ஸ்காபரோவில் பழைய வீடு வாங்கினால் அதன் பழைய குணங்களையும் சேர்த்துத்தான் வாங்கவேண்டும், அது தெரிந்துதான் வாங்கினோம். ஆனால் முந்திய குளிர்காலங்களில் இந்தச் சத்தம் இருக்கவில்லை. பொயிலர் மூளும், சுடுதண்ணீர் குழாய்க்குள் ஓடும், உடனே சுத்தியலால் அடிப்பதுபோல டக், டக், டக். அதுவும் போயும் போயும் மாமாவின் தலைமாட்டில்.

மாமா என்றால் என் கணவர் ஜூலியனின் தகப்பன், யேசுரட்ணம். எங்களுக்குக் கீழே பேஸ்மென்ற்றில் இருக்கிறார். அந்த வருசம் தொடக்கத்தில்தான் நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தது. அவருடைய இளைய மகன் யூட் ஊரில், சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். மே மாதம் சண்டை முடிந்தது. தப்பிய சனம் முள்ளுக்கம்பி முகாம்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. யூட்டும் அங்கே ஏதோவொரு கூடாரத்தில் இருக்கிறான், பெயர் பதியும்போது பிழை விட்டிருப்பார்கள் என்று மாமா நம்பினார். காணாமற்போனதைத் தேடித்தருகிற அந்தோனியாரிடம் ஒவ்வொரு பின்னேரமும் முழங்காலில் நின்று கேட்டார்.

யூட் முகாமில் இல்லை. முள்ளிவாய்க்காலில் செத்துப்போனான். பக்கத்துப் பங்கருக்குள் இருந்து தப்பிய ஒருவர், தன் கையாலேயே புதைத்ததாக ஜூன் மாதம் ரெலிபோன் எடுத்துச் சொன்னார். குசினியில் நின்று கேட்டவர் ஜூலியன். அப்பாவுக்கு இப்போது சொல்லக்கூடாது, நெஞ்சு தாங்காது, கொஞ்சம் தேறட்டும் என்றார். எங்கள் குசினி மூலையில் அந்தக் குழாய் கீழே இறங்குகிற ஓட்டை கொஞ்சம் பெரிது. நாங்கள் பேசுவதெல்லாம் அதற்குள்ளால் கீழே கேட்கும். மீன் பொரிக்கிற மணத்தையும் அதால் பிடித்துக்கொண்டு மாமா மேலே ஏறி வருவார். ரெலிபோன் வந்த அடுத்த நாளே ஜூலியன் குழாயைச் சுற்றி மரக்கட்டைகளை இறுக்கி அடித்து, மேலே ஊதி இறுகுகிற ஸ்பிரே ஃபோமும் அடித்து அதை மூடினார். எலி வருகிறது என்று மாமாவுக்குச் சொன்னார்.

எனக்கு விசர்தான் வந்தது. உங்கள் தகப்பன், உங்கள் தம்பி, நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று எத்தனை தரம் மல்லுக்கட்டினேன். டொக்டரிடம் ஒருக்கால் காட்டிவிட்டுச் சொல்லுவோம் என்றார். காட்டினோம். டொக்டர் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார். பிறகும் இந்த மனிசன் வாயைத் திறக்கவில்லை. கீழே ஒருவர் செத்தவனுக்காக அந்தோனியாரிடம் மன்றாட, மேலே நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். சீ என்று போய்விட்டது எனக்கு.

இந்த நேரத்தில்தான் குழாய்ச் சத்தமும் வந்து சேர்ந்தது. மாமா நித்திரையில்லாமல் கண் சிவந்து மேலே வருவார். பார்ப்போம், பார்ப்போம் என்று இவர் இழுத்தடித்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, இவர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் பிக்கரிங்கிலிருந்து அன்புராசாவைக் கூப்பிட்டேன். ஹீற்றிங் வேலை செய்கிறவர், நல்ல மனிசன், தொண்டை மட்டும் கொஞ்சம் பெரிது.

அன்புராசா கீழே போய் பொயிலரைப் பார்த்தார், குழாயைத் தடவிப் பார்த்தார், மேலே வந்து குசினி மூலையில் குந்தினார். செம்புக் குழாய் சூடேறினால் நீளும், ஆறினால் சுருங்கும், அது போய்வர ஒரு விரற்கடை இடமாவது விடவேண்டும் என்றார். கட்டை இறுக்கினால் குழாய் அதில் பிடிபட்டுப் பிடிபட்டு வழுக்குமாம், அந்த வழுக்கல்தான் சத்தமாம். சொல்லிக்கொண்டே கத்தியால் ஃபோமை அரிந்து, கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"உதை ஏன் அக்கா இப்பிடி அடைச்சனீங்கள்? எலியோ?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஊரெல்லாம் கேட்க வாய் காட்டுகிற எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. அன்புராசா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அப்போது ஓட்டைக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"றஜிதா, இந்த வீட்டிலை எலி இல்லைப் பிள்ளை. எனக்குக் கேக்கக்கூடாதெண்டுதான் அடைச்சது. யூட் செத்துப்போனானோ?"

நான் தரையில் குந்தி, குழாயோடு வாயை வைத்து, "ஓம் மாமா" என்றேன்.

சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். அவருடைய நெஞ்சுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கட்டில் விளிம்பில் இருந்தார். எப்போது என்று கேட்டார், சொன்னேன். யார் புதைத்தது என்று கேட்டார், அதையும் சொன்னேன்.

"உயிரோடை கொண்டுவந்து விடு எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் கேட்டனான்," என்றார். "அவன்ரை ஆத்துமத்துக்கெண்டு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை. முப்பத்தோராம் நாள் பூசையும் இல்லாமல் போயிட்டுது."

பூசையில்லாமல், ஒரு செபமில்லாமல் அந்தப் பிள்ளையை அப்படியே விட்டிருந்தோம். ஞானஸ்நானம் பெற்ற நாங்கள் இரண்டு பேரும் அதை ஒரு நாள்கூட நினைக்கவில்லை. மாமாவின் காலடியில் இருந்து அழுதேன்.

ஜூலியன் வேலையால் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். சப்பாத்தையும் கழற்றாமல் கீழே இறங்கினார். மாமா ஏசவில்லை, ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை. மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு முழங்காலில் நின்றார். நாங்களும் நின்றோம். மரித்தவர்களுக்கான செபத்தை ஜூலியனையே சொல்லச் சொன்னார்.

"அவன்ரை பேரைச் சொல்லிச் சொல்லு."

இவர் தொடங்கினார். பெயர் வரவேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். திரும்பத் தொடங்கினார், திரும்பவும் அதே இடத்தில் நின்றார். அந்த ரெலிபோன் வந்த நாளிலிருந்து இவர் வாயில் தம்பியின் பெயர் வந்ததேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'அவன்' என்பார், 'அந்த விசயம்' என்பார். தகப்பனின் நெஞ்சுக்குப் பயந்து மறைக்கிறார் என்றல்லவா நான் இவ்வளவு நாளும் சண்டை பிடித்தேன்.

பாவமாக இருந்தது. நானே சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன். மாமா கையைக் காட்டித் தடுத்தார். முழங்கால் நோக நோகக் காத்திருந்தோம்.

"யூட்," என்றார் ஜூலியன்.

சொன்னதும் உடைந்து அழத் தொடங்கினார். மாமா அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, செபத்தின் மிச்சத்தைத் தானே சொன்னார்.